பனிநாயும் அறுபத்தாறாவது வளைவும்

மலை ரோட்டின் எழுபது வளைவும் விரல்நுனியில் இருந்த என் டிரைவர் அப்பாவுக்கு, உங்கள் பாப்பா எழுதுகிறேன்.

அங்கே சர்க்கரை, பிரஷர் தொல்லையெல்லாம் இருக்காது என்று நம்புகிறேன். டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுக் குடிக்கிறீர்களா? இங்கே உங்கள் டம்ளர் கவிழ்த்து வைத்தபடியே இருக்கிறது. மிளகு இந்த வருஷம் பரவாயில்லை. சமையலறை ஓட்டில் ஒழுகுவது மட்டும் அப்படியேதான் இருக்கிறது, நீங்கள் இருந்தபோது சரிசெய்வதாகச் சொல்லிக்கொண்டே இருந்தீர்களே, அதே இடத்தில்.

இதை எழுதி மடித்து உங்கள் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கலாம். ஆனால் நான் பொய் சொன்னது ஊரறிய. அதனால் உண்மையையும் ஊரறியச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த விளையாட்டு. நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது, "முப்பது வருசம் மலையேறுன காலு கண்ணு, இன்னும் எதுக்கு நடக்கோணும்" என்று கேட்டீர்கள். மலையேறியது பஸ், நீங்கள் உட்கார்ந்துதான் இருந்தீர்கள் என்று சொன்னதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வேறு வழி தெரியாமல்தான் உங்கள் போனில் அதை ஏற்றிக் கொடுத்தேன். போனைப் பிடித்துக்கொண்டு நடந்தால், திரையில் நம் ஊர்ப் பாதையிலேயே விதவிதமான விசித்திரப் பிராணிகள் நிற்கும். கிட்டே போய்ப் பிடித்து, பெயர் வைத்து வளர்க்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் ஆடுவது.

ஒரே மாதத்தில் திண்ணனூர் நாட்டு ஊர்களிலெல்லாம் உங்கள் வேட்டைதான். குச்சிக்கிழங்குக் காட்டில் மூன்று வால் தவளையைப் பிடித்தீர்கள். ரேஷன் கடை வரிசையில் நின்றபடி இறக்கை முளைத்த முள்ளம்பன்றியைப் பிடித்தீர்கள். உங்கள் பின்னால் டைகர் ஓடும். பெயர்தான் டைகர், கோழியைக் கண்டால் ஒதுங்கி வழிவிடும். இடது காது மடிந்த செம்பழுப்பு நாய். நீங்கள் பஸ் ஓட்டிய காலத்தில் ஊர் எல்லை வரை பஸ்ஸின் பின்னாலேயே ஓடி வந்து, பிறகு திரும்பிப் போகும்.

அப்புறம் உங்கள் காலில் புண் வந்தது. கட்டைவிரலுக்கு அடுத்த விரலை எடுத்துவிட்டார்கள். மீதிக் காலைக் காப்பாற்றுவது வீட்டில் பார்த்துக்கொள்வதில்தான் இருக்கிறது, ஈ கூட உட்காரக் கூடாது என்று நர்ஸ் என்னைத்தான் பார்த்துச் சொன்னார். வீடு வந்த மூன்றாம் நாள், நீங்கள் கட்டிலில் தூங்கும்போது டைகர் கட்டை விலக்கிப் புண்ணை நக்கிக்கொண்டிருந்தது. துடைப்பத்தால் அடித்தேன். மறுநாளும் நக்கியது. கதவைச் சாத்தினால் பிறாண்டியது. நீங்களே எழுந்து திறந்துவிட்டீர்கள்.

அம்மா போன பிறகு எனக்கு நீங்கள்தான் இருந்தீர்கள். உங்களையும் ஒரு நாயிடம் விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை.

பஸ்ஸில் கொண்டுபோனால் எல்லாக் கண்டக்டருக்கும் டைகரைத் தெரியும். அதனால் கிழங்கு லாரியில் ஏறினேன், டிரைவர் கீழ்நாட்டு ஆள். சாக்கில் கட்டி மடியில் வைத்திருந்தேன். எழுபது வளைவிலும் அது சத்தமே போடவில்லை, நடுங்கிக்கொண்டே வந்தது. சேந்தமங்கலத்தில் ஒரு கறிக்கடைக்குப் பின்னால் அவிழ்த்துவிட்டேன். எலும்பாவது கிடைக்கும் என்று நினைத்தேன். அது சாக்கைத்தான் முகர்ந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டேன்.

உங்களிடம் என்ன சொன்னேன் என்று உங்களுக்கே தெரியும். ஏதோ பஸ்ஸுக்குப் பின்னால் ஓடியது, லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டது, நானே தூக்கி வந்து புதைத்துவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் மிளகுக்கொடி ஏறிய சவுக்கு மரத்தடியில் மண்ணைக் குவித்து ஒரு கல்லும் வைத்திருந்தேன். நீங்கள் கட்டுப் போட்ட காலோடு வந்து நின்றீர்கள்.

"எத்தனாவது வளைவுல கண்ணு?"

"அறுபத்தாறுலங்கப்பா."

"லாரி ஏறும்போதா, எறங்கும்போதா?"

"எறங்கும்போது."

நீங்கள் கொஞ்ச நேரம் அந்தக் கல்லையே பார்த்தீர்கள். "செரி கண்ணு" என்றீர்கள். அவ்வளவுதான். ஊரே வந்து துக்கம் கேட்டது. நானும் அழுதேன், அது நடிப்பில்லை.

இரண்டு வாரம் கழித்து, வியாழக்கிழமை கட்டு மாற்றப் போய் வந்த நீங்கள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினீர்கள். திரையில் ஒரு நாய். உடம்பெல்லாம் புகை, கால்கள் தரையில் படவில்லை, கண் இரண்டும் அடுப்புத் தணல் போல. கழுத்தில் அறுந்த கயிறு. விளையாட்டில் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர். நீங்கள் பனிநாய் என்று கூப்பிட்டீர்கள். செத்தது தானா, தன்னை வளர்த்தவரா என்று தெரியாமல் காத்துக்கொண்டே இருக்கும் பேய் நாய் என்று அதன் கதையையும் படித்துக் காட்டினீர்கள்.

"நம்ம டைகரு பேயா வந்துருச்சு பாத்தியா" என்று சிரித்தீர்கள். பெயரையும் டைகர் என்றே வைத்திருந்தீர்கள். சிரிப்பதற்காகச் சிரிக்கிறீர்களா, என்னைப் பார்த்துச் சிரிக்கிறீர்களா என்று அன்றிரவெல்லாம் யோசித்தேன். காலையில் நீங்கள் சாதாரணமாகக் களி கேட்டீர்கள். நானும் விட்டுவிட்டேன்.

அப்புறம் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது, சேலத்துக்குக் கொண்டுபோனோம், தனியாகத் திரும்பி வந்தேன். போனை அணைத்து பீரோவில் வைத்துவிட்டேன்.

இனி ஒரு மாதத்துக்கு முந்தைய புதன்கிழமைக்கு வருகிறேன். செம்மேட்டு இ-சேவை மையத்தில் ஊருக்கெல்லாம் வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் நான், உங்களுக்கு உரியதை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தேன். அன்றைக்கு விடுப்பெடுத்து, மனதைக் கல்லாக்கிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்தேன். ஓடிபி உங்கள் எண்ணுக்குத்தான் வரும். போனை எடுத்துச் சார்ஜில் போட்டேன். கரண்ட் வந்து வந்து போனதால் முப்பது சதவீதம்தான் ஏறியது. மதியம் ஒன்றரை மணிக்கு ஓடிபி வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது.

இங்கிலீஷில் இருந்ததை நம் பேச்சில் சொல்கிறேன். டைகர் உங்கள் குரலுக்காகக் காத்திருக்கிறது. கூப்பிட்டு இன்றோடு தொண்ணூறு நாள். மாலை ஆறு மணிக்குள் கூப்பிடாவிட்டால் அது பனிக்குள் போய்விடும், திரும்பி வராது. நீங்கள் பதிவு செய்த அழைப்புக் குரலும் அழிந்துவிடும்.

நாய் போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் குரல் என்று போட்டிருந்ததே அப்பா. உங்கள் குரல் என்னிடம் எங்குமே இல்லை. வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைத் தவிர வேறு எதையும் அனுப்பியதில்லை நீங்கள். கல்யாண வீடியோக்களில் பந்தியில் உட்கார்ந்து சிரிக்கிறீர்கள், மேலே சினிமாப் பாட்டு ஓடுகிறது. நீங்கள் எப்படி "கண்ணு" என்பீர்கள் என்பதே எனக்கு மங்கத் தொடங்கியிருந்தது.

பனிநாயை முதலில் பிடித்த இடத்தில் நின்றுதான் கூப்பிட முடியும் என்று ஒருமுறை சொல்லியிருந்தீர்கள். வேறு எங்கே இருக்கும், அந்தப் பொய்க் குழி மேட்டில்தான் என்று நினைத்துப் பின்னால் ஓடினேன். சவுக்கு மரத்தடியில் நின்று போனைப் பார்த்தேன். திரையில் ஓர் அம்பு, பக்கத்தில் கிலோமீட்டர். அம்பு மரத்தைக் காட்டவில்லை. மலைக்குக் கீழே காட்டியது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வண்டியில் தொற்றிக்கொண்டு செம்மேடு போய்ச் சேர்ந்தேன். மூன்று மணி பஸ். கண்டக்டர் உங்கள் கூட்டாளி மாதையன் மாமாதான். என் முகத்தைப் பார்த்துவிட்டு டிரைவருக்குப் பின் சீட்டைக் காட்டினார். சார்ஜ் இருபத்திரண்டு சதவீதம். உங்கள் போனில் வெளிச்சத்தைக் குறைத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

வளைவு ஒவ்வொன்றிலும் அம்பு சுற்றிக்கொண்டு பின்னால் போகும், அடுத்த வளைவில் முன்னால் வரும். கிலோமீட்டர் குறையும், கூடும், மறுபடி குறையும். செம்மேட்டுக்கும் கீழே சேந்தமங்கலத்துக்கும் நடுவில் எத்தனையோ இடம் இருக்கிறது, அதில் ஏதோ ஒன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அறுபத்தாறாவது வளைவு வந்தது. எத்தனையோ முறை அந்த வளைவில் போயிருக்கிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன். டிரைவர் முதல் கியருக்குப் போய், பாதி திருப்பி, நின்று, மீதியைத் திருப்பினார். பஸ் ஊர்ந்தது. ரோட்டோரம் கொய்யா விற்கிற பெண் எங்களை முந்திக்கொண்டு நடந்து போனாள். இறங்குகிற லாரி இதைவிட மெதுவாகத்தான் வர முடியும். அங்கே நாய் என்ன, நண்டு கூட அடிபடாது. முப்பது வருஷம் மலை பஸ் ஓட்டியவரிடம் போய் அந்த வளைவின் எண்ணைச் சொல்லியிருக்கிறேன், இறங்கும்போது என்று வேறு சொல்லியிருக்கிறேன்.

கல்லுக்கு முன்னால் நீங்கள் "செரி கண்ணு" என்றபோதே உங்களுக்குத் தெரிந்துவிட்டது, இல்லையா? அப்படியானால் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? ஓர் அறை விட்டிருக்கலாமே.

முப்பத்தொன்றாவது வளைவில் பஸ் நின்றுவிட்டது. மரம் ஏற்றிய லாரி ஒன்று திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. நாலு மணி ஆகி, நாலே கால் ஆனது. ஆட்கள் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தார்கள். சார்ஜ் பதினான்கு. மாமா என் பக்கத்தில் வந்து நின்று திரையை எட்டிப் பார்த்தார்.

"அப்பாவும் இதயேதான் பாத்துட்டு வருவாரு கண்ணு. வியாழக்கெழமயானா."

"கட்டு மாத்தத்தானுங்க மாமா சேந்தமங்கலம் வந்தாரு?"

"கட்டும் மாத்துவாரு. அப்பறம் ஆஸ்பத்திரில இருந்து நொண்டிக்கிட்டே சந்தப் பக்கம் போவாரு. ஆட்டோ வெச்சுத் தாரேன்னா கேக்கமாட்டாரு. போன் காட்டற வழில நடந்துதான் போவோணும்னாரு."

"எங்க போறேன்னு சொன்னாருங்களா?"

"நான் கேட்டேன். ஒருத்தனப் பாக்கோணும், கோவிச்சுட்டு இருக்கறான்னு சொன்னாரு."

மாமா என் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டு லாரியைப் பார்க்க இறங்கிப் போனார். அந்தக் காலோடு நடந்திருக்கிறீர்கள். எந்தக் காலைக் காப்பாற்ற நாயைத் துரத்தினேனோ, அந்தக் காலோடு அந்த நாயைத் தேடி நடந்திருக்கிறீர்கள். டாக்டர் நெஞ்சுவலி என்றுதான் எழுதினார், காலைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அந்த நடை உங்களைக் கொன்றதா அப்பா? இதை நான் யாரிடம் கேட்பது?

லாரி விலக நாலே முக்கால் ஆகிவிட்டது. மாமா டிரைவரிடம் ஏதோ சொன்னார், அதற்குப் பிறகு பஸ் வழியில் அதிகம் நிற்கவில்லை. சேந்தமங்கலத்தில் இறங்கும்போது ஐந்து நாற்பது. சார்ஜ் ஐந்து.

அம்பைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. என் கால்களுக்கே வழி தெரிந்தது. இருந்தும் பார்த்துக்கொண்டே நடந்தேன், வேறு பக்கம் திரும்பிவிடாதா என்று. திரும்பவில்லை. கறிக்கடை அடைக்கும் நேரம். கடைக்கார அக்கா பலகையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பின்பக்கம் போனேன். சாக்கை அவிழ்த்த அதே சுவரோரத்தில் அம்பு மறைந்து ஒரு பொத்தான் வந்தது. ஐந்து ஐம்பது.

அழுத்தினேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் ஒரே ஒரு கோடு. போனைத் தலைக்குமேல் தூக்கினேன். சார்ஜ் மூன்று என்று எச்சரித்தது. அதையும் தள்ளிவிட்டு மறுபடி அழுத்தினேன்.

உங்கள் குரல் வந்தது.

"டைகரு... வாடா சாமி. ஊட்டுக்குப் போலாம். பாப்பா ஒண்ணுஞ் சொல்லமாட்டா."

திரையில் புகை திரண்டு பனிநாய் வந்து உட்கார்ந்து வாலை ஆட்டியது. நான் சரியாகப் பார்க்கவில்லை. மூன்று மாதம் கழித்து உங்கள் வாயிலிருந்து வருகிற பேச்சு அதுவாகவா இருக்க வேண்டும்?

கடைக்கார அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தார். "ஏனுங்க, அது அந்தப் பெரியவரு கொரலாச்சே? நீங்க அவரு மகளா?"

ஆமாங்க என்றேன். நீங்கள் இறந்ததைச் சொன்னேன். அவர் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தவரு ஒரு நாளு சந்தைல இத அடையாளங் கண்டு பின்னாலயே வந்தாரு, அப்பறம் வியாழன் தவறாம வருவாருங்க. பன்னு வாங்கிட்டு வந்து போடுவாரு. மொதல்ல ரெண்டு வாரம் அது கிட்டவே வரல, ஒளிஞ்சுக்கும். அப்பறம் அவரு மடில தல வெச்சுப் படுத்துக்கும். ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு நானே சொன்னேனுங்க. இல்லம்மா, எம் பொண்ணு எனக்காகப் பயந்துதான் செஞ்சுட்டா, காலு ஆறட்டும், ஆறுன காலக் காட்டிட்டு நானே கூட்டிட்டுப் போறேன்னாரு."

பிறகு கடைக்கடியில் கையைக் காட்டினார். பலகைக்குக் கீழே இருட்டில் இரண்டு கண்கள். மடிந்த இடது காது. விலா எலும்பு தெரிய இளைத்திருந்தது. உங்கள் குரலைக் கேட்டுப் பாதி உடம்பு வெளியே வந்திருந்தது. போனைப் பார்த்தது, சுற்றிலும் பார்த்தது, உங்களைத் தேடியது. அப்புறம் என்னைப் பார்த்தது. பார்த்த வேகத்தில் பின்வாங்கி உள்ளே போய்விட்டது.

"டைகரு" என்று நான் கூப்பிட்டேன். உள்ளிருந்து உறுமியது. கோழிக்கு வழிவிடுகிற நாய் என்னைப் பார்த்து உறுமியது அப்பா. அதே நேரம் போன் அணைந்தது.

வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டுப் பார்த்தேன். பனிநாய் போகவில்லை, இன்னும் தொண்ணூறு நாள் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் உங்கள் பதிவெல்லாம் இருந்தது. முதலில் சந்தித்த இடம் சேந்தமங்கலம். அழைத்தது ஒன்பது முறை. பத்தாவது நான். புதுக் குரல் பதிவு செய்யவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன்.

அதிலிருந்து நாலு வியாழன் போய்விட்டேன். மையத்தில் அரை நாள் விடுப்பு. பன் வாங்கிக்கொண்டு அந்தச் சுவரோரம் உட்காருவேன், உங்கள் குரலை ஒரே ஒருமுறை போடுவேன். முதல் வாரம் நான் எழுந்து போன பிறகுதான் பன்னைத் தின்றதாம். மூன்றாம் வாரம் நான் இருக்கும்போதே தின்றது. போன வாரம் பலகைக்கு வெளியே வந்து, என்னிடமிருந்து நாலு முழம் தள்ளிப் படுத்தது, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. கூட்டிப் போக சாக்கோ கயிறோ நான் கொண்டுபோவதில்லை. மாதையன் மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். என்றைக்கு அதுவாக எழுந்து என் பின்னால் வருகிறதோ, அன்றைக்கு டிரைவருக்குப் பின் சீட்டில், எல்லோரும் பார்க்க, பஸ்ஸிலேயே மலையேறுவோம். கேட்கிறவர்களுக்கு நடந்ததைச் சொல்வேன். சவுக்கு மரத்தடிக் கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

ஒருவேளை அது வராமலே போகலாம். அப்போதும் வியாழக்கிழமை போவேன். நீங்கள் அதனிடம் என் சார்பில் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அதை நம்புவதா வேண்டாமா என்று அது இன்னும் யோசிக்கிறது. எத்தனை வாரம் வேண்டுமானாலும் யோசிக்கட்டும் அப்பா, அதுவரை அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருப்பேன்.

டைகரை ஒண்ணுஞ் சொல்லாத,
உங்கள் மகள்,
பாப்பா